கதிர்வீச்சும் கழிவுநீரும்

சாயம், மருந்து முதலிய தொழில்களின் கழிவுநீரில் பென்சீன் வளையத்தை அடிப்படையாகக் கொண்ட அரோமாட்டிக் சேர்மங்கள் பெருமளவில் கலந்துள்ளன. இவற்றுள் பலவற்றை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க இயலுவதில்லை. எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்தி இவற்றைச் சிதைக்கும் முறை உண்டு. அதன் பயனை மதிப்பிட வேண்டுமாயின், நீருக்குள் கணநேரமே வாழும் சில பொருள்களைப் பற்றி அறிதல் அவசியம்.

தாக்குவது எது?

கதிர்வீச்சின் ஆற்றலைப் பெரும்பாலும் நீரே ஏற்கிறது. நீர் மூலக்கூறுகள் சிதைந்து, ஹைட்ராக்சில் தனியுறுப்புகளும் நீரேற்ற எலெக்ட்ரான்களும் தோன்றுகின்றன. ஹைட்ராக்சில், பென்சீன் வளையத்துடன் மிக விரைவாக இணைந்து, மற்றொரு தனியுறுப்பாகிறது. அது வாழும் காலம் பெரும்பாலும் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

இதனைக் காண வழிசெய்தது, 1960ஆம் ஆண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவான துடிப்புக் கதிர்ப்பகுப்பு முறை. ஒரு கணம் மட்டும் எலெக்ட்ரான்களைப் பாய்ச்சி, கரைசல் ஒளியை உறிஞ்சுவதில் ஏற்படும் மாற்றத்தை அளப்பதே இம்முறை. பம்பாயை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இதற்கான 7 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் முடுக்கி 1986இல் நிறுவப்பட்டது.

ஆக்சிஜனின் பங்கு

ஆக்சிஜன் இல்லாத நீரில் இத்தனியுறுப்புகள் ஒன்றோடொன்று இணைந்து, பெரிய மூலக்கூறுகளாகிவிடக்கூடும். ஆக்சிஜன் இருப்பின் ஃபீனாலும், வளையம் உடைந்த பொருள்களும் கிடைக்கின்றன. ஃபீனாலும் நச்சுப்பொருளே, எனினும் மீண்டும் மீண்டும் தாக்கப்படும்போது அதன் வளையமும் உடைந்து, நுண்ணுயிர்கள் உண்ணத்தக்க அமிலங்கள் உண்டாகின்றன. ஆகவே, நிறம் நீங்கியதை மட்டும் கொண்டு நீர் தூய்மையாயிற்று என முடிவு செய்தல் தவறு.

செலவுக் கணக்கு

ஒரு கன மீட்டர் நீருக்கு 1 கிலோகிரே அளவு கதிர்வீச்சு தரத் தேவைப்படும் ஆற்றல், இழப்பு நீங்கலாக, 0.28 யூனிட் மின்சாரம். இதனால் ஒரு லிட்டரில் தோன்றும் ஹைட்ராக்சிலின் அளவு சுமார் 0.28 மில்லிமோல் மட்டுமே. அதிலும் ஒரு பகுதியைக் கழிவுநீரிலுள்ள கார்பனேட்டுகளும் பிற கரிமப் பொருள்களும் கவர்ந்துகொள்கின்றன. மாசு மிகுந்த நீரைக் கதிர்வீச்சினால் மட்டும் முற்றிலும் தூய்மையாக்க முயல்வது வீண்செலவாகும்.

தென்கொரியாவின் தேகு நகரச் சாயத் தொழில் வளாகத்தில், 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் கழிவுநீரைக் கையாளும் ஆலை நிறுவப்பட்டது. அங்கும் கதிர்வீச்சு, நுண்ணுயிர்ச் சுத்திகரிப்புக்குத் துணையாகவே அமைந்தது. இத்தகைய ஆலைகளில் பயன்படும் ஆற்றலளவில் எலெக்ட்ரான் கற்றை நீரைக் கதிரியக்கமுடையதாக ஆக்குவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

எனவே, ஆலைக்கு நிதி ஒதுக்குமுன் அந்தந்தக் கழிவுநீரின் கார்பனேட்டு, ஆக்சிஜன், கரிமப்பொருள் அளவுகளை ஆராய்தல் வேண்டும். கணநேரத் தனியுறுப்பு எவ்வழியில் செல்கிறது என்பதைப் பொறுத்தே முதலீட்டின் பயனும், ஆற்று நீரை அருந்தும் மக்களின் நலனும் அமையும்.