கச்சேரி கேட்டு ரிப்போர்ட் எழுதுவது எப்படி?



கர்நாடக இசைக் கச்சேரிக்குப் போய் ரிப்போர்ட் எழுதிட்டு வா என்றால், "சங்கீதமா? அதெல்லாம் நமக்கெதுக்குப்பா" என்று நழுவுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சங்கீதம் படித்தவனில்லை. ஆனாலும் மூன்று கச்சேரிகளைப் பற்றி எழுதிவிட்டேன். வழி? நம்ம லேப் ரெக்கார்டு எழுதுகிற முறையேதான்!

உபகரணங்கள்: முதலில் மேடையைப் படமாகப் போடுங்கள். நடுவில் பாடகர், ஒரு பக்கம் வயலின், எதிர்ப்பக்கம் மிருதங்கம், பின்னால் தம்பூரா. தம்பூராவின் நான்கு தந்திகளும் பாட்டு வாசிக்காது. சுருதி மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கும். நம்ம டிராயிங்கில் டேட்டம் லைன் மாதிரி! மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். பாரம் கூடினால் அதிர்வெண் குறையும், நாதம் கனமாகும். நாம் படித்த பிசிக்ஸ்தானே இது?

செய்முறை: கச்சேரிக்கு ஒரு வரிசை உண்டு. பெரும்பாலும் வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள், விரிவான ஒரு பெரிய உருப்படி, அதில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், பிறகு துக்கடாக்கள், கடைசியில் மங்களம். இந்த அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) என்பார்கள்.

தாளத்துக்குப் பாடகரின் கையைப் பாருங்கள். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டி வீசுவது இரண்டு தடவை. மொத்தம் 8. அதுதான் ஆதி தாளம். திருவையாறு தியாகராஜர் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாடும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்துமே இந்தத் தாளம்தான். எண்ணிப் பழக நல்ல இடம்.

அப்சர்வேஷன்: இதுதான் முக்கியம். "தேனாய் இனித்தது" என்று எழுதாதீர்கள். அது எந்தக் கச்சேரிக்கும் பொருந்தும். "பாடகர் இழுத்து நிறுத்திய இடத்தை வயலின் அதே வளைவோடு திருப்பித் தந்தது, முன்வரிசைத் தாத்தா 'பலே' என்றார்" என்று எழுதினால், அது அன்றைக்கு நடந்தது. ராகம் தெரியலையா? பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். நான் கேட்ட பெரியவர், "கரகரப்ரியாப்பா" என்று சொல்லி, "என்ன படிக்கிறே தம்பி?" என்றும் விசாரித்தார். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

சோதனை: எழுதியதை, கச்சேரியே பார்த்திராத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் எங்கம்மாவுக்கு வாசித்தேன். "அந்தத் தம்பூராக்காரப் பிள்ளை ரெண்டரை மணி நேரமும் கையை நிறுத்தவே இல்லையாடா? கை கடுக்குமே!" என்றார். அம்மாவுக்கு மேடை தெரிந்துவிட்டது! எனக்கு அந்த மார்க் போதும்.

கோயில் திருவிழாக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது நண்பர்களே. "நமக்குப் புரியாது" என்று வாசலிலேயே நிற்க வேண்டாம். ஒரு பேனா, ஒரு 40 பக்க நோட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்காருங்கள். அடுத்த ஆண்டு மலரில் உங்கள் ரிப்போர்ட்டை எதிர்பார்க்கிறேன்.