அழுகைக்குக் கைப்பேசி மருந்தாகுமா?

உணவூட்ட ஒரு காணொளி, பயணத்தில் அமைதி காக்க ஒரு விளையாட்டு, வீட்டுவேலை முடியும்வரை அரைமணி நேரக் கார்ட்டூன். இன்றைய இல்லங்களில் குழந்தை வளர்ப்பில் கைப்பேசியும் பங்கேற்கத் தொடங்கிவிட்டது. அதைத் திரும்ப வாங்கும்போது எழும் அழுகையும் அடமும் பெற்றோர் பலர் அறிந்தவையே. திரைக்கும் இந்த நடத்தைக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? ஆய்வுகள் கூறுவதைப் பதற்றமின்றிப் பார்ப்போம்.

இருவழிப் பாதை

2022இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’ இதழில் வெளியான தொகுப்பாய்வு, 12 வயது வரையுள்ள ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய 87 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. திரைநேரம் கூடுதலாக உள்ள குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் கவனச்சிதறலும் சற்றே கூடுதலாகக் காணப்பட்டன. இத்தொடர்பு சிறியதே, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆனால் எது காரணம், எது விளைவு? குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த 117 ஆய்வுகளின் தொகுப்பு 2025இல் ‘சைக்கலாஜிக்கல் புல்லட்டின்’ இதழில் வெளியானது. மிகுதியான திரைநேரம் உணர்ச்சி, நடத்தைச் சிக்கல்களுக்கு இட்டுச் செல்கிறது; அச்சிக்கல்கள் உள்ள குழந்தைகளோ மேலும் திரையை நாடுகின்றனர் என்று அது காட்டியது.

இதைப் பெற்றோர் ஊன்றி நோக்க வேண்டும். அழும் குழந்தையிடம் கைப்பேசியைத் தந்தால் அழுகை உடனே நிற்கிறது. ஆனால் ஏமாற்றத்தையும் சலிப்பையும் தானே தாங்கிப் பழகும் வாய்ப்பு அக்குழந்தைக்குக் கிட்டுவதில்லை. அடுத்த முறை அழுகை வலுக்கிறது. கைப்பேசி விரைவாகக் கைமாறுகிறது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்குவது எங்கு கொண்டுபோய் விடும் என்பதை வங்கிப் பணியில் இருக்கும் நாங்கள் நன்கறிவோம். தூக்கம், ஓடியாடல், பெரியவர்களுடன் பேச்சு ஆகியவற்றுக்குரிய நேரத்தையும் திரை விழுங்கிவிட்டால், எரிச்சல் மிகுவதில் வியப்பில்லை.

எவ்வளவு போதும்?

இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டுதல் தெளிவானது. இரண்டு வயதுக்குள் திரை வேண்டா. உறவினருடன் எப்போதேனும் காணொளியில் பேசுவது மட்டும் விலக்கு. 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகலாகாது. 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

பணப்பையும் அதே திரையில்

குழந்தை விளையாடும் கைப்பேசியிலேதான் நம் வங்கிக்கணக்கும் இருக்கிறது. கணக்கறிக்கையில் சிறுசிறு தொகைகளாகக் கழிவு கண்டு கிளைக்கு வரும் பெற்றோர், பல வேளைகளில் அது பிள்ளை விளையாட்டுச் செயலியில் வாங்கியவற்றுக்கான தொகை என்பதை எங்கள் மேசையில்தான் அறிகின்றனர். யுபிஐ லைட் வழியே ஒருமுறைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இன்றியே செலுத்த இயலும் என்பதை நினைவில் கொள்க. எனவே:

• செயலி விற்பனைத் தளத்தில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு அமைத்திடுக.
• ரகசிய எண்ணைக் குழந்தை காணத் தட்டச்சு செய்யற்க.
• தேவையில்லாத வேளையில் அட்டையின் இணையப் பரிவர்த்தனை வசதியை வங்கிச் செயலியில் நிறுத்தி வைத்திடுக.
• ஆட்டோபே ஒப்புதல்களை மாதம் ஒருமுறை சரிபார்த்திடுக.
• மோசடி என ஐயுற்றால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்திடுக.

வீட்டில் தொடங்குவோம்

திடீரெனப் பறிப்பதைவிட, முடியும் நேரத்தை முன்னரே கூறி, அதனை மாறாது கடைப்பிடிப்பது நன்று. உணவு வேளையிலும் உறங்குமுன் ஒரு மணி நேரமும் திரையைத் தவிர்க்கலாம். இவ்விதி பெற்றோருக்கும் பொருந்த வேண்டும். இல்லையேல் குழந்தை அதனைத் தண்டனையாகவே கருதும். தொடக்க நாள்களில் அடம் மிகலாம். அப்போது தளர்ந்து கைப்பேசியைத் தந்துவிட்டால், உரக்க அழுதால் கிடைக்கும் என்பதே குழந்தை கற்கும் பாடமாகிவிடும்.

உறக்கமும் படிப்பும் குலையும் அளவுக்குப் பழக்கம் முற்றியிருப்பின் வல்லுநர் உதவியை நாடத் தயங்க வேண்டா. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது. டெலி-மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.