கண்ணை மூடித்தான் ஜெபிக்க வேண்டுமா?

நேரடியான பதில்: வேண்டியதில்லை. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தின விசேஷம் வரை, கண்ணை மூடிக்கொண்டு ஜெபியுங்கள் என்ற கட்டளை வேதாகமத்தில் எங்கும் கிடையாது. இன்னார் கண்ணை மூடி ஜெபித்தார் என்று வெளிப்படையாகச் சொல்லும் வசனமும் இல்லை.

ஆனால் தமிழ்ச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதில் அவ்வளவு சுலபமாக மனதில் இறங்காது. தலைகளைத் தாழ்த்தி, கண்களை மூடி ஜெபிப்போம் என்று போதகர் சொல்லக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். ஞாயிறு பள்ளியில் கர்த்தருடைய ஜெபம் மனப்பாடம் ஆவதற்கு முன்பே கண்ணை மூடப் பழக்கிவிடுகிறார்கள். அதனால்தான் அடுப்படியில் நின்றபடி ஜெபிக்கிற அம்மாவுக்கும், பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளின் தேர்வுக்காக ஜெபிக்கிற அப்பாவுக்கும் ஓர் உறுத்தல் இருக்கிறது: இதெல்லாம் ஜெபக்கணக்கில் சேருமா? சேரும். அந்த உறுத்தலை இறக்கிவைக்க வேதத்திலேயே போதுமான ஆதாரம் இருக்கிறது.

முதலில் இயேசுவையே பார்ப்போம். லாசருவின் கல்லறைக்கு முன் நின்றபோது அவர் கண்களை மேலே ஏறெடுத்துப் பிதாவிடம் பேசினார் (யோவான் 11). பாடுபடுவதற்கு முந்திய இரவில், சீஷர்களுக்காக அவர் செய்த நீண்ட ஜெபமும் அப்படித்தான் தொடங்குகிறது (யோவான் 17). ஐந்து அப்பங்களைக் கையில் எடுத்து ஆசீர்வதித்தபோதும் அவர் பார்வை வானத்தை நோக்கியே இருந்தது. கல்லெறியப்படுவதற்கு முன் ஸ்தேவான் வானத்தை அண்ணாந்து பார்த்தார். 121, 123ஆம் சங்கீதங்கள் இரண்டுமே கண்களை ஏறெடுப்பதில்தான் ஆரம்பிக்கின்றன.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் வரும் ஆயக்காரன் ஒருவன்தான் மாறுபடுகிறான். தேவாலயத்தில் தூரத்தில் நின்று, கண்களை ஏறெடுக்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். கண்களைக்கூட ஏறெடுக்கவில்லை என்று இயேசு தனியாக எடுத்துச் சொல்வதிலிருந்தே, ஏறெடுப்பதுதான் அன்றைய வழக்கம் என்று தெரிகிறது. தன் பாவத்தின் பாரத்தால் அவன் கண் தாழ்ந்தது. யாரும் தாழ்த்தச் சொல்லவில்லை. அவனுடைய ஜெபம் ஏற்கப்பட்டது. நிமிர்ந்து பார்த்த இயேசுவின் ஜெபமும், குனிந்த ஆயக்காரனின் ஜெபமும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன.

இவர்களோடு நெகேமியாவையும் சேர்க்க வேண்டும். சூசான் அரண்மனையில் ராஜாவுக்குத் திராட்சரசம் கொடுக்கிற பானபாத்திரக்காரன் அவன். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று அர்தசஷ்டா ராஜா கேட்டதும் பயந்துபோகிறான். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா அடுத்து கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் இடையில் பரலோகத்தின் தேவனிடம் ஜெபித்ததாக நெகேமியாவே எழுதுகிறான். பெர்சிய ராஜாவின் முன்னால் நின்றுகொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கண்ணை மூடி நிற்பதற்கு யாருக்கும் தைரியம் வராது. பேருந்திலும் மருத்துவமனை வராந்தாவிலும் நாம் செய்வது இந்த ஜெபம்தான்.

ஆதித் திருச்சபையும் இதே வழியில் போனது. ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் 3ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. முக்காடிட்ட ஒரு பெண் இரு கைகளையும் விரித்து நின்று ஜெபிக்கிறாள். அவளுடைய அகன்ற கண்கள் மேல்நோக்கித் திறந்திருக்கின்றன. அவள் காலத்துக்குச் சற்று முன்பு கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் வானத்தை நோக்கிக் கைகளை விரித்து ஜெபிப்பவர்கள் என்று ரோம அதிகாரிகளுக்கு எழுதினார். அவரே இன்னொரு நூலில், கைகளையும் முகத்தையும் அளவுக்கு மீறி உயர்த்தாமல் பணிவோடு ஜெபியுங்கள் என்று கூறி, அந்த ஆயக்காரனையே உதாரணம் காட்டுகிறார். இறையியலாளர் ஒரிகேன் ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலில், கைகளை விரித்துக் கண்களை உயர்த்துவதே சிறந்த நிலை என்கிறார். உடனே, காலில் நோய் உள்ளவர் உட்கார்ந்தும், காய்ச்சல்காரர் படுத்தும் ஜெபிக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அந்த இரக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நின்று ஜெபிக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. ஆனால் கண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அப்படியானால் கண்ணை மூடும் பழக்கம் தவறா? தவறே இல்லை. அதற்கும் ஆழமான வேர்கள் உண்டு. யூதர்கள் தங்கள் விசுவாச அறிக்கையின் முதல் வரியைச் சொல்லும்போது வலது கையால் கண்களை மறைத்துக்கொள்வது இன்றும் வழக்கம். 16ஆம் நூற்றாண்டில் அவிலா தெரேசம்மாள், மனதை உள்ளே திருப்பி ஜெபிக்கிறவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்வதை நல்ல வழக்கம் என்று தம் மடத்துக் கன்னியருக்கு எழுதினார். அதே நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் ஒரு ஜெபமுறையை விளக்கும்போது இரண்டு வழிகளைத் தருகிறார்: கண்ணை மூடிக்கொள்ளலாம், அல்லது ஒரே இடத்தில் பார்வையை நிறுத்தலாம், அலையவிடாமல் இருந்தால் போதும். 1645இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சீர்திருத்த சபையாரின் ஆராதனை வழிகாட்டியும், கண்ணை மூடு என்று சொல்லவில்லை. ஆராதனையில் வேடிக்கை பார்ப்பது, கிசுகிசுப்பது, தூங்குவது போன்றவற்றையே தடுக்கிறது.

ஆக, கவனம் சிதறாமல் இருக்க உதவும் ஒரு துணைதான் மூடிய கண். உடலும் இதற்கு ஒத்துழைக்கிறது. ஓய்வாக இருக்கும் ஒருவர் கண்ணை மூடியதும் மூளையின் மின்னலைகளில் சீரான ஒரு தாளம் எழுவதையும், கண்ணைத் திறந்ததும் அது அடங்குவதையும் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் கண்டறிந்து வெளியிட்டார். கண்வழியாக வந்து குவிகிற காட்சிகள் நின்றால் மனதுக்குச் சுமை குறைகிறது.

இன்னொரு நன்மையை நாம் அதிகம் பேசுவதில்லை. நற்செய்திக் கூட்டத்தின் முடிவில், எல்லாரும் கண்களை மூடியிருங்கள், ஜெபம் தேவைப்படுகிறவர்கள் மட்டும் கையை உயர்த்துங்கள் என்று ஊழியர் கேட்பார். அப்போது மூடிய கண்கள் பக்கத்தில் அழுகிறவருக்குத் திரையாகின்றன. குடிப்பழக்கத்தோடு போராடுகிற ஒருவர் கை தூக்குவதை அடுத்த தெருக்காரர் பார்க்காமல் இருப்பது பெரிய அன்பு. அப்படிப்பட்ட இடத்தில் எனக்குத் தேவை இல்லாவிட்டாலும் நான் கண்ணை மூடத்தான் வேண்டும்.

கண் திறந்திருக்க வேண்டிய ஜெபங்களும் உண்டு. கத்தோலிக்கத் திருப்பலியில் குரு அப்பத்தை உயர்த்துவதே மக்கள் பார்ப்பதற்காக. பார்க்காமல் தலைகுனிந்தே இருந்தவர்களை நிமிர வைக்க, அந்நேரம் ஏறிட்டுப் பார்த்து அப்போஸ்தலர் தோமாவின் அறிக்கையைச் சொல்பவர்களுக்கு 1907இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் தனி ஞானப்பலன்களை அறிவித்தார். தவக்காலத்துச் சிலுவைப்பாதையில் 14 நிலைகளின் படங்களையும் பார்த்துப் பார்த்துத்தான் ஜெபிக்கிறோம். சி.எஸ்.ஐ. சபையில் பாவ அறிக்கையைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறோம், அதுவும் ஜெபமே. வண்டி ஓட்டிக்கொண்டே ஜெபிப்பவர் தயவுசெய்து கண்ணைச் சாலையிலேயே வைத்திருக்கட்டும். முழு இரவு ஜெபத்தில் தூக்கம் சொக்கினால் கண்ணைத் திறந்து எழுந்து நடக்கலாம். கெத்செமனேயில் சீஷர்களின் கண்கள் கனத்துப்போயிருந்தபோது, விழித்திருக்கும்படிதான் இயேசு கேட்டுக்கொண்டார். விபத்தையோ வன்முறையையோ கடந்து வந்த சிலருக்குக் கண்ணை மூடினால் அந்தக் காட்சியே வந்து நிற்கும். அவர்களை வற்புறுத்தக் கூடாது. இஞ்ஞாசியாரின் இரண்டாவது வழி, ஒரு சிலுவையையோ மெழுகுவத்தியையோ பார்த்திருப்பது, அவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

எல்லாவற்றையும்விட நம் சபைகள் யோசிக்க வேண்டியது காது கேளாத சகோதர சகோதரிகளைப் பற்றி. அவர்கள் சைகையால் ஜெபிக்கிறார்கள். ஒருவர் ஜெபத்தை நடத்தும்போது மற்றவர்கள் அவர் கைகளைப் பார்த்தால்தான் ஆமென் சொல்ல முடியும். கண்ணை மூடிய அந்த நொடியே அவர்கள் ஜெபத்துக்கு வெளியே போய்விடுவார்கள். பாளையங்கோட்டையில் மிஷனரி புளோரன்ஸ் சுவெய்ன்சன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். நூறாண்டுக்கு மேலாகியும், நம் ஆராதனைகள் பலவற்றில் ஜெபம் இன்னும் காதுக்கு மட்டுமே உரியதாக இருக்கிறது.

மாற்கு 7ஆம் அதிகாரத்தை இந்த நோக்கில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். தெக்கப்போலி எல்லையில், காது கேளாத, பேச்சுத் திக்குகிற ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போகிறார். அவன் காதுகளில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார், பெருமூச்சு விடுகிறார். அதன் பிறகுதான் வார்த்தை வருகிறது. அதுவரை நடந்த ஒவ்வொன்றும் அவன் கண்ணால் காணக்கூடியது, உடலால் உணரக்கூடியது. தனக்காக ஒருவர் பரலோகத்தை நோக்குகிறார் என்பதை அவனால் பார்க்க முடிந்தது. கண்ணை மூடு என்று இயேசு அவனிடம் சொல்லியிருந்தால் அந்த ஜெபத்தில் அவனுக்குப் பங்கே இருந்திருக்காது.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, கண்ணை மூடுவதைப் பிள்ளைகளுக்கு நல்ல உதவியாகக் கற்றுக்கொடுங்கள். நடுவில் கண் திறந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தாதீர்கள். போதகர்களே, சபையில் காது கேளாதவர் ஒருவர் இருந்தாலும், ஜெபத்தை நடத்துகிறவர் வெளிச்சத்தில் அவர் பார்க்கும்படி நிற்கட்டும். சைகையில் பெயர்த்துச் சொல்பவரை ஜெப நேரத்தில் உட்காரச் சொல்லாதீர்கள்.