கைத்துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா?

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. குர்காவ்னிலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "சார், நீங்க கான்பூர்ல துப்பாக்கி ஃபாக்டரியில இருந்தவர்தானே? வீட்டுக்கு ஒரு சின்ன ரிவால்வர் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு சொல்லுங்களேன்."

விஷயம் இதுதான். போன மே மாதம் அவர்கள் குடும்பத்தோடு கும்பகோணம் போயிருந்தபோது வீட்டுப் பூட்டை உடைத்து நகையையும் வெள்ளிக் குத்துவிளக்கையும் கொண்டுபோய்விட்டார்கள். அன்று முதல் அவர் மனைவிக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. மொழி தெரியாத அக்கம்பக்கம், வேலைக்குப் போனால் நேரம் கழித்து வரும் கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு குழந்தைகள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பயந்தவன்தான்.

ரசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமல்ல இது. அதனால் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். கேட்டவர் ஒருவர், கேட்காமல் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர் இருப்பார்கள்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும்தான் இன்று நம்மைக் கட்டுப்படுத்துபவை. இந்தியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது நம் உரிமை அல்ல; அரசு கொடுக்கும் அனுமதி. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரிடமோ, பல பெரிய நகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து என்று காரணம் காட்ட வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, வீட்டில் பத்திரமாக வைப்பேன் என்ற எழுத்துபூர்வமான உறுதி எல்லாம் கேட்பார்கள். "ஊருக்குப் போயிருந்தபோது திருட்டுப் போயிற்று" என்பது மட்டும் போதுமான காரணமாகுமா என்பது அதிகாரியின் கையில். 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. லைசென்ஸின் ஆயுள் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது.

லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம் நண்பருக்கு ஹரியானாவுக்கு மட்டும் என்று லைசென்ஸ் கிடைத்தால், இடுப்பில் ரிவால்வரோடு சங்கத்துக்கு வரமுடியாது. டெல்லி எல்லையிலேயே அது குற்றமாகிவிடும். ரயிலில் ஊருக்கு எடுத்துப் போகலாம் என்றால் ஆக்ராவைத் தாண்டி தோல்பூர் வந்தாலே ராஜஸ்தான். அப்புறம் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஆந்திரம் என்று எத்தனை எல்லைகள்! ஆகவே கோடை விடுமுறையில் நீங்கள் கும்பகோணத்தில் இருக்கும்போது துப்பாக்கி பூட்டிய வீட்டில்தான் இருக்கும். பூட்டை உடைக்கிறவன் குத்துவிளக்கோடு அதையும் கொண்டுபோவான். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைகளில் பாதுகாப்புக்காக ஒப்படைத்துவிட்டுப் போகும் வழி உண்டு. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைச் செய்தாக வேண்டும்.

மறைத்து எடுத்துச் செல்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். நம் விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி, உடம்போடு சேர்ந்த உறையிலோ பையிலோ முழுக்க மூடியபடிதான் இருக்க வேண்டும். நம் கட்டுப்பாட்டைவிட்டு விலகக் கூடாது. வெளியே எடுத்துக் காட்டி மிரட்டினால் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டாலும் குற்றம்தான். அதற்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இனி ஆயுதத்துக்கு வருவோம். 9 மி.மீ., .38, .45 போன்றவை சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32, அதைவிடச் சிறியது.22. இந்த .32 என்ற பெயரில் ஒரு குழப்பம் உண்டு. .32 ரிவால்வரின் தோட்டா வேறு; .32 பிஸ்டலின் தோட்டா வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது. ஒன்றை இன்னொன்றில் போட்டுப் பார்க்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

ரிவால்வரா, பிஸ்டலா? ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளையில் இருக்கும். தோட்டா இருக்கிறதா, இல்லையா என்று உருளையைத் திறந்த உடனே கண்ணுக்குத் தெரியும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். பிஸ்டல் தட்டையாக இருக்கும், இடுப்பில் துருத்தாது. ஆனால் முதல் தோட்டாவை ஏற்ற மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதற்குக் கையில் பலம் வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று: மேகஸினைக் கழற்றிய பிறகும் குழலின் பின்னால் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். "மேகஸின் வெளியே இருக்கிறதே, காலிதான்" என்று நினைத்து விசையைத் தொட்டவர்களால் நேர்ந்த விபத்துகள் உலகம் முழுவதும் உண்டு. முதன்முறையாக வாங்குகிறவருக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன்.

கான்பூரில் செய்த .32 ரிவால்வர் வெகுகாலமாக வழக்கில் இருப்பது. பழைய ஆங்கிலேய வெப்ளியின் வழியில் வந்தது. நடுவில் மடக்கித் திறந்தால் சுட்ட உறைகள் ஒன்றாக வெளியே வந்துவிடும். எடை சுமார் 700 கிராம். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பிறகு, 2014-இல் பெண்களுக்காக என்று 'நிர்பீக்' வந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம், அப்போதைய விலை 1,22,360 ரூபாய். 2023-இல் வந்த 'பிரபல்', உருளை பக்கவாட்டில் திறக்கும் வகை. பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகிவிட்டதால், கடையில் பார்க்கும் பெயர் பழைய பெயராக இருக்காது.

எடை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். சுமப்பதற்கு நல்லது, சுடுவதற்கு அல்ல. எடை குறையக் குறைய கையில் உதைப்பு அதிகம். குழல் குட்டையானால் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி குறையும். கை சற்று அசைந்தாலும் குறி வெகுவாகத் தப்பும். பிடி சிறிதானால் சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும். ஆக, சின்னத் துப்பாக்கிதான் சுடக் கடினமானது. அதற்குப் பயிற்சி கூடுதலாக வேண்டும்.

கடையில் மூன்று காரியம் பாருங்கள். ஒன்று, காலித் துப்பாக்கியைப் பிடித்து, கை நடுங்காமல் விசையை முழுக்க இழுக்க முடிகிறதா? ரிவால்வரில் பின்னால் உள்ள சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து வைத்தால் விசை இலேசாகிவிடும். இழுக்காமல் சுட்டால் கனமாக இருக்கும். அந்தக் கனமான இழுப்பில்தான் சோதிக்க வேண்டும். பதற்றத்தில் யாரும் சுத்தியலை நினைவு வைத்துக்கொள்வதில்லை. இரண்டு, உருளை ஒவ்வோர் அறையிலும் ஆட்டமில்லாமல் நிற்கிறதா? மூன்று, வீட்டில் யாருக்காக வாங்குகிறீர்களோ அவர் கையில் கொடுத்துப் பார்த்தீர்களா? இதில் ஒரு சிக்கல் உண்டு. லைசென்ஸ் கணவர் பெயரில் இருந்தால், கணவர் அலுவலகத்தில் இருக்கும்போது மனைவி அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். லைசென்ஸ் ஆளுக்கு, வீட்டுக்கு அல்ல. பகலில் தனியாக இருப்பவர் அவர். ராத்திரி தூங்காதவரும் அவர்.

இவ்வளவையும் கரைத்துக் குடித்தவன் நான். அதனால்தான் 1996-இல் லைசென்ஸ் வாங்கி ஒரு .32 ரிவால்வரும் வாங்கினேன். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, தனி வீடு. தினமும் கையில் பிடித்துப் பார்த்துப் பழகிய பொருள், எனக்கென்ன பயம்?

1999 ஜனவரியில் ஓர் இரவு. கான்பூர்க் குளிர் தெரிந்தவர்களுக்கு மூடுபனி தெரியும்; கைக்கெட்டும் சுவர்கூடத் தெரியாது. கரண்ட் இல்லை. மணி மூன்று இருக்கும். பின்பக்கம் யாரோ சுவர் ஏறிக் குதிக்கும் சத்தம். மனைவி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பீரோவைத் திறந்து ரிவால்வரை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனேன். கதவு இடுக்கு வழியாக ஓர் உருவம், தோளில் ஏதோ மூட்டை. தாழ்ப்பாளை அசைத்துப் பார்க்கிறது. ஹிந்தியில் கத்த வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. விரல் மட்டும் தானாக விசைக்குப் போயிருந்தது. சுத்தியலையும் பின்னால் இழுத்திருக்கிறேன். எப்போது இழுத்தேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை.

"மாமா! மாமா, தூங்கிட்டீங்களா?"

என் அக்கா மகன். மறுநாள் வருவதாக எழுதியவன், விடுமுறை கிடைத்ததும் ஒருநாள் முன்னாலேயே கிளம்பிவிட்டான். அவன் வந்த ரயில் மூடுபனியால் ஒன்பது மணி நேரம் தாமதம். முன் கேட்டைத் தட்டியிருக்கிறான். ரஜாய்க்குள் எங்களுக்குக் கேட்கவில்லை. தோளில் இருந்தது அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னும் புளியும்.

நான் கதவைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. மனைவிதான் திறந்தாள். இருட்டில் சுத்தியலை மெதுவாக இறக்கித் தோட்டாக்களை எடுக்க எனக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. கை அப்படி நடுங்கியது. பரிசோதனைப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்த கை! இன்று அவனுக்கு இரண்டு பெண்கள். அவனிடம் இதை நான் சொன்னதே இல்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

அன்றைக்கு நான் கற்றது ஒன்று. எனக்குக் குறைவாக இருந்தது தோட்டா அல்ல, நேரம். யார் என்று கேட்க நேரம், விளக்கு வைத்துப் பார்க்க நேரம், குரல் வர நேரம். இருபுறமும் குழந்தைகள் படுத்திருக்கும் வீட்டில் துப்பாக்கியை லாக்கரிலும் தோட்டாவைத் தனிப் பூட்டிலும்தான் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் எடுக்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அந்த நிமிஷங்களைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சம்பாதிக்கக் கூடாது. கதவிலும் ஜன்னல் கம்பியிலும் சம்பாதிக்க வேண்டும். கதவு தாங்கினால் விளக்கு போடலாம், குரல் கொடுக்கலாம், 112-க்குப் போன் செய்யலாம். அவ்வளவும் செய்த பிறகு துப்பாக்கி அநேகமாகத் தேவைப்படாது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. இரவில் வீட்டை உடைத்து நுழைகிறவனை எதிர்க்க அதிலே இடம் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்வது கடினம்.

நண்பருக்கு என் பதில்: லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், வருவதற்குள் பின்கதவுக்கு இரும்புக் கிரில், உள்ளே நீளத் தாழ்ப்பாள், வாசலில் ஆள் நடந்தால் எரியும் விளக்கு, பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாவின் போன் நம்பர் ஆகிய நான்கையும் ஏற்பாடு செய்யுங்கள். அந்த அம்மாளோடு உங்கள் மனைவி தினமும் நாலு வார்த்தை பேசட்டும். தப்பும் தவறுமான ஹிந்தியாக இருந்தால் பரவாயில்லை. இதற்குப் பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று அவர் சொன்னால், லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கட்டும்; இருவரும் மாதம் ஒருமுறையாவது சுடும் பயிற்சிக்குப் போங்கள். அது முடியாது என்றால் வாங்காதீர்கள்.

என் ரிவால்வரை 2015-இல், சட்டப்படி, லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டேன். கை நடுக்கம் வயதினால் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.