கப்பல் டிக்கெட்டில் கேபின் எண் எங்கே?

கோடை விடுமுறைக்குக் கப்பல் பயணம் பதிவு செய்தவர்களுக்கு மீதிப் பணம் கட்டும் கெடு நெருங்கிவிட்டது. பெரிய நிறுவனங்கள் பலவும் புறப்படும் நாளுக்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன்பே முழுத் தொகையையும் கேட்கின்றன. கெடு தாண்டி ரத்து செய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறும். கடைசி நாட்களில் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராது. அதனால்தானோ என்னவோ, வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: “பால்கனி ரூம்னு சொல்லித்தானுங்க அட்வான்ஸ் வாங்குனாங்க. ரசீதுல ரூம் நம்பரே இல்லீங்க. ஏமாத்திட்டாங்களா?”

கோவை காந்திபுரம் டிராவல்ஸ் ஒன்றில் பதிவு செய்த வாசகர் தன் ரசீதின் நகலையே அனுப்பியிருக்கிறார். கப்பல் பெயர், தேதி, பயணிகள் பெயர், எல்லாம் சரியாக இருக்கின்றன. கேபின் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் ‘ஜிடிஒய்’ என்று மூன்று எழுத்து. ‘கேரண்டி’ என்பதன் சுருக்கம் அது.

ஏமாற்று இல்லை. ஆனால் இதை விளக்காமல் பணம் வாங்கியதை நேர்மை என்றும் சொல்ல முடியாது.

முதலில் வகைகள், சுருக்கமாக

உள் கேபின், கடல் காட்சி, பால்கனி, சூட் என்ற நான்கும் விளம்பரம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். விளம்பரம் விட்டுவிட்டதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். உள் கேபினில் விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டு மணியும் நடுராத்திரிதான். கடல் காட்சி அறையின் ஜன்னலைத் திறக்க முடியாது. ஜன்னலை அடைத்தபடி உயிர்காக்கும் படகு தொங்கினாலும் அது கடல் காட்சிக் கணக்கில்தான் வரும், ‘பார்வை மறைப்பு’ என்ற குறிப்பு பொடி எழுத்தில் இருக்கும். மினி சூட் என்பது பல கப்பல்களில் கொஞ்சம் பெரிய பால்கனி அறை, அவ்வளவுதான். ராயல் கரீபியனின் குவாண்டம் ரகக் கப்பல்களில் ‘வர்ச்சுவல் பால்கனி’ என்று ஒன்று உண்டு: உள் கேபின் சுவரில் 80 அங்குலத் திரை, அதில் வெளியே உள்ள கடல் நேரலையாக ஓடும். பெயரில்தான் பால்கனி, காற்று வராது.

கேரண்டி கேபின் எப்படி வேலை செய்கிறது?

நீங்கள் வாங்குவது ஓர் அறையை அல்ல, ஒரு வகையை. அந்த வகையிலோ அதற்கு மேலோ ஏதாவது ஓர் அறை தருவோம் என்பது மட்டுமே நிறுவனத்தின் வாக்கு. எந்தத் தளம், முன்பக்கமா பின்பக்கமா, எண் என்ன என்பதையெல்லாம் நிறுவனம் தன் வசதிப்படி முடிவு செய்யும். சில வாரங்கள் முன்பே சொல்லலாம். கப்பல் ஏறும் நாளிலும் சொல்லலாம். ரயிலில் முதல் வகுப்பு ஏசி டிக்கெட் எடுத்தால் கூப்பேயா நான்கு பேர் கேபினா என்பது சார்ட் போட்ட பிறகுதானே தெரிகிறது, ஏறக்குறைய அதே ஏற்பாடு. ரயில்வே அதற்காகக் கட்டணத்தைக் குறைப்பதில்லை; கப்பல்காரர்கள் குறைக்கிறார்கள். ஏன் குறைக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

கப்பல் கிளம்பிவிட்டால் காலி அறைக்கு மதிப்பு பூஜ்யம். அறை வாடகை மட்டுமல்ல, அந்த அறையில் வந்திருக்கக்கூடிய ஆள் மது, கேசினோ, சுற்றுலா, புகைப்படம் என்று கப்பலுக்குள் செலவழிக்கும் பணமும் போய்விடும். ஆகவே கப்பல் நிறைந்தே ஆக வேண்டும். ஒரு கணக்குக்கு, 100 உள் கேபின்களும் 100 ஜன்னல் கேபின்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலிவான உள் கேபினுக்கு 110 பேர் வருகிறார்கள். ஜன்னல் கேபினில் 20 காலி. கேரண்டி டிக்கெட் இல்லையென்றால் 10 பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இருந்தால் 110 பேரிடமும் பணம் வாங்கிக்கொண்டு, அவர்களில் 10 பேரை ஜன்னலுக்கு ஏற்றிவிடலாம். எப்படியும் காலியாகப் போயிருக்கும் அறை. நிறுவனத்துக்குச் செலவு இல்லை. ஏறியவர் ‘இலவச அப்கிரேட்’ என்று ஊரெல்லாம் சொல்வார், அது தனி விளம்பரம்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு சார்ந்தது. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆபத்துக் காலத்தில் கூடும் இடமும் படகும் ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றின் கொள்ளளவைத் தாண்டி ஆள் ஏற்ற முடியாது. மூன்று, நான்கு பேர் தங்கும் குடும்பங்கள் ஒரே பகுதியில் குவிந்தால், அறை காலியாக இருந்தும் அங்கே விற்க முடியாமல் போகலாம். எண் ஒதுக்காத பயணிகள் கையில் இருந்தால் நிறுவனம் ஆட்களை நகர்த்தி இந்தக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளும்.

இதுவரை புத்திசாலித்தனம். என்னை உறுத்துவது அடுத்தது. ‘மேல் வகை கிடைக்கலாம்’ என்ற ஆசையைக் காட்டித்தான் இது விற்கப்படுகிறது. ஆனால் பல நிறுவனங்கள் இப்போது மேல் வகை அறைகளைப் பயணிகளிடமே ஏலம் கேட்கச் சொல்கின்றன. காசு கொடுத்து ஏற ஆள் இருக்கும்போது சும்மா ஏற்றிவிட அவர்களுக்கு என்ன அவசரம்? கேரண்டி எடுத்தவருக்கு உறுதியாகக் கிடைப்பது, அந்த வகையில் மற்றவர்கள் பார்த்து வேண்டாம் என்று தள்ளிய அறைகளில் ஒன்று. மேல் வகை கிடைத்தால் அதிர்ஷ்டம். விலைக்குறைப்பு என்பது தேர்ந்தெடுக்கும் உரிமையை நீங்கள் விற்றதற்கான விலை. அந்த உரிமை உங்களுக்குத் தேவைப்படுமா என்பதை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

யார் எடுக்கலாம், யார் கூடாது?

தூங்கவும் குளிக்கவும் மட்டும் அறைக்கு வருகிற தம்பதி, நண்பர்கள்: தாராளமாக உள் கேபின் கேரண்டி எடுக்கலாம். அதற்குக் கீழே இறக்க வகை இல்லை.

அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு அறை எடுப்பவர்கள்: வேண்டாம். ஓர் அறை நான்காம் தளத்தில் முன்பக்கம், மற்றது ஒன்பதாம் தளத்தில் பின்பக்கம் என்று வந்தால் கேட்க முடியாது. மூட்டு வலி உள்ளவர்கள், குமட்டல் வருபவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது தள வரைபடத்தில் உங்கள் அறையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு நேர் மேலே, நேர் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல்குளத் தளம் என்றால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே அரங்கம் என்றால் இரவு வரை மேளம். வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடம் பெரும்பாலும் சமையலறையோ ஊழியர் பகுதியோதான். வண்டி உருட்டும் சத்தம் அங்கிருந்து வரும். இரு அறைகளை இணைக்கும் கதவு உள்ள அறையில் பக்கத்து வீட்டுச் சண்டை முழுவதும் கேட்கும்.

மற்ற கேள்விகள்

*குமட்டல் வராத அறை?* கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். ஆட்டம் அங்கேதான் குறைவு.

*விளம்பர விலை ஒருவருக்கா, அறைக்கா?* ஒருவருக்கு, அதுவும் இரண்டு பேர் தங்கினால். தனியாகப் போனால் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம்.

*எல்லாம் சேர்த்துத்தானே?* பெரும்பாலும் இல்லை; துறைமுக வரி, சேவைக் கட்டணம், வைஃபை, மது ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

*சொன்ன ஊருக்கெல்லாம் போகுமா?* உறுதியில்லை, 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியா கப்பலுக்குப் புதுச்சேரி அரசு அனுமதி மறுத்தது நினைவிருக்கலாம்.

*அந்தக் கப்பல் புதிதா?* 1990-ல் கட்டியது, ராயல் கரீபியனில் ஓடியது. அக்காலக் கப்பல்களில் பால்கனி அறைகள் குறைவு.

*சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்த் திரும்பினால்?* விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள்; ஒருமுறை மட்டும் என்றால் திரும்பி இறங்கும்போது சிக்கல்.

*கர்ப்பிணிகள்?* பயண முடிவில் 24 வாரத்தை எட்டுபவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

*இஸ்திரிப்பெட்டி?* தீ விபத்து பயத்தால் தடை; வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

*முதல் நாள் அவசரகாலப் பயிற்சிக்குப் போகாமல் இருக்கலாமா?* முடியாது, கட்டாயம். 1912 டைட்டானிக்குக்குப் பிறகு 1914-ல் வந்த சர்வதேச ஒப்பந்தத்தின் வழிவந்த விதி.

*சைவம்?* கிடைக்கும், பதிவின்போதே சொல்ல வேண்டும்.

*கடைசி நேரத்தில் விலை குறையுமா?* கப்பலில் சில சமயம் குறையும். அதற்குள் கோவை–சிங்கப்பூர் விமானக் கட்டணம் ஏறியிருக்கும்.