கண்பாப்பாவில் வெள்ளை தெரிந்தால்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தூசியின் ஆபத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீங்கான் கலவையில் சேரும் குவார்ட்ஸ் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோயும் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அறிவித்துவிட்டது. தூசியே படாத கைக்குழந்தைக்கும் ஒரு புற்றுநோய் வருகிறது. அதன் பெயர் ரெட்டினோபிளாஸ்டோமா, விழித்திரைப் புற்று.

அரிதான நோய்தான், ஏறக்குறைய 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிறது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்பாப்பா வெள்ளையாக மின்னும். சிலருக்கு மாறுகண் விழும். அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடக் கூடாது.

ஆர்பி1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் கட்டி வளர்கிறது. இந்த இரட்டைப் பழுது விளக்கத்தை 1971-இல் முன்வைத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன். நோய் வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் முதல் பழுதோடுதான் பிறக்கிறார்கள். அவர்களுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் சகஜம்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது, கிரகணத்தன்று தாய் வெளியே போனதால் வந்தது என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

நோய் வந்த குழந்தையின் ரத்தத்தில் பழுதைக் கண்டுபிடித்தால், அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கும் அதை மட்டும் தேடிப் பார்க்கலாம். பழுது இல்லாத பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பக் கண்ணைச் சோதிக்க வேண்டியதில்லை. இருக்கும் பிள்ளையைப் பிறந்ததிலிருந்தே கண்காணித்தால், கட்டி சிறிதாக இருக்கும்போதே லேசரிலும் உறைசிகிச்சையிலும் பார்வையைக் காக்க முடியும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இரண்டும் இந்நோய்க்குச் சிகிச்சை அளிப்பவை. விருத்தாசலம் சந்திப்பிலிருந்து இரு ஊருக்கும் நேரடி ரயில் உண்டு.

செலவுக்கு, தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கைகொடுக்கும். தனியார் பாலிசி வைத்திருப்பவருக்கு ‘மரபணு நோய்’ என்று காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பணத்தை மறுத்தால், முறையிடத் தயங்க வேண்டாம். அப்படிப் பொத்தாம்பொதுவாக விலக்குவது பாகுபாடு என்று 2018 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் ஓர் இதயநோய் வழக்கில் கூறியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. இதற்கிடையே, அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மார்ச்சிலேயே நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. மறுத்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மறுப்புக் கடிதம், பாலிசி நகல், மருத்துவமனை ரசீது மூன்றையும் இணைக்க வேண்டும்.