கேட்போர் காத்த வானொலி

மகாளய நாளன்று விடியுமுன்பே கொல்கத்தாவின் வீடுகளில் வானொலி ஒலிக்கத் தொடங்கிவிடும். அத்தகைய நகரத்தின் வானொலி நிலையம் ஒருகாலத்தில் மூடப்படும் நிலையில் இருந்தது.

இந்திய ஒலிபரப்பு நிறுவனம் என்னும் தனியார் அமைப்பு, 1927 ஜூலை 23 அன்று பம்பாயிலும் ஆகஸ்டு 26 அன்று கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்தது. வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணம் செலுத்தினர். பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலரே. ஆகவே, வருவாய் செலவுக்கு ஈடாகவில்லை. 1930 மார்ச்சு மாதத்தில் நிறுவனம் கலைக்கப்பட்டது. ஏப்ரல் 1 முதல் அரசு அப்பணியை ஏற்றது. உலகெங்கும் பொருளாதாரம் நலிந்திருந்த காலம் அது. செலவைக் குறைக்க எண்ணிய அரசு, 1931 அக்டோபரில் ஒலிபரப்பை நிறுத்த முடிவு செய்தது.

கேட்போரும் பெட்டி விற்கும் வணிகரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நவம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. 1932 மே மாதத்தில், ஒலிபரப்பைத் தொடர்ந்து நடத்துவதென அரசு உறுதி செய்தது.

சென்னையிலும் இதுபோல் நிகழ்ந்தது. 1924இல் தோன்றிய வானொலிக் கழகம் பணமின்றி 1927இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கியது.

கல்கத்தாவில் அதுவரை கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தவர்கள் உரிய வேளையில் பேசினார்கள். அதனால் வானொலியின் குரலும் நிலைத்தது.